இரண்டாவது இயந்திரம்

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
3-7-1988

அன்புள்ள தம்பி ஞானசிகாமணிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அண்ணி ஹில்டாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. வெயிலில் நின்று வேலை பார்ப்பவன் நீ. ஷார்ஜாவின் ஜூலை மாதத்தைப் பற்றி யாராவது பேசினால் ஹில்டா உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். 1986-இல் விடுமுறைக்கு வந்தபோது கப்பலில் இரண்டு புல்வெட்டும் இயந்திரங்களைக் கொண்டுவந்தாய். விதைக் கம்பெனி மூடப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒன்றைக் கொடுத்து இந்தத் தொழிலில் இறக்கினாய். மற்றொன்றைப் பெட்டியைப் பிரிக்காமல் முன்னறையில் வைத்துப் பூட்டி, சாவியை உன்னோடு எடுத்துச் சென்றாய். வீடு நீ கட்டியது. அறை உன்னுடையது. இந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பூட்டைப் பற்றி நான் ஒரு சொல் கேட்டதில்லை.

இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. மறைமலை நகர் பேரிங் தொழிற்சாலையின் மூன்று ஏக்கர் புல்தரைதான் என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். புதன், சனி இரு நாளும் வெட்டு. சென்ற வாரம் அங்குள்ள நிர்வாக அதிகாரி கஸ்தூரிரங்கன் என்னை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். வரும் ஏப்ரலில் இரண்டாவது கட்டடம் திறக்கிறார்கள். தோட்டம் முழுவதற்கும் பொறுப்பாக ஒரு விவசாயப் பட்டதாரியை நிரந்தரமாக நியமிக்கப்போகிறார்கள். வெட்டும் வேலை புதிய ஒப்பந்தக்காரருக்குப் போகும். மேற்பார்வை அந்தப் பட்டதாரியுடையது. வளாகத்துக்குள் குடியிருப்பும் உண்டு. என் விவசாயப் பட்டத்தைச் சொல்லி அந்த இடத்துக்கு என்னைச் சிபாரிசு செய்வதாக இருக்கிறார்.

"ஐம்பத்துமூணு வயசாச்சேன்னு மேலே இருக்கறவா கேப்பா சார். இந்த மார்ச் முடியற வரைக்கும் ஒரு வெட்டுகூடத் தவறலேன்னு நான் பதில் சொல்லணும். அதை மட்டும் நீங்க பாத்துக்கோங்கோ" என்றார்.

ஒரு வெட்டுகூடத் தவறக்கூடாது. என்னிடம் இருப்பதோ பதினெட்டு மாதமாக ஓய்வின்றி ஓடும் ஒற்றை இயந்திரம். அதன் உதிரிப் பாகங்களில் ஒன்றுகூட இந்நகரத்தில் கிடைக்காது. ஆகவே முன்னறைச் சாவியை அனுப்பு. எனக்கென்று ஒரு கதவு, அதை நானே திறந்து நானே மூட வேண்டும் என்பது இந்த வயதில் பேராசையாகாது என்று நினைக்கிறேன்.

ஹில்டா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் அன்புள்ள அண்ணன்,
சுவிசேஷமுத்து


ஷார்ஜா
21-7-1988

என் அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஊருக்கு வரும் ஒருவரிடம் கோடாலித் தைலம் இரண்டு டஜன் கொடுத்திருக்கிறேன். அண்ணிக்கும் தேய்த்துவிடுங்கள்.

வேலை விஷயம் படித்ததும் சந்தோஷம். அண்ணனுடைய படிப்புக்கு இப்போதாவது ஒருத்தன் நாற்காலி போடுகிறானே. ஆனால் அந்தப் பெட்டி மட்டும் வேண்டாம் அண்ணா. பிரிக்காத வரைக்கும்தான் அது புதுசு. ஒரு நாள் ஓட்டிவிட்டாலும் பழைய மெஷின்தான். நான் இங்கே முப்பது மெஷின் பார்க்கிறேன். எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, பிளேடைத் தீட்டி வைத்தால் ஒரே மெஷின் ஐந்து வருஷம் பேசாமல் ஓடும். உங்கள் கையாள் குப்பனிடம் சொல்லி தினமும் துடைக்கச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவன் மேலே ஏறி உட்கார்ந்து பீடி பிடிப்பான்.

அப்புறம், நீங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டால் வீட்டை யார் பார்ப்பது? அண்ணன் அங்கே இருக்கிறார் என்றுதான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கள் தம்பி,
ஞானசிகாமணி


சேலையூர்
14-8-1988

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். தைலம் வந்து சேர்ந்தது. நன்றி.

உன் கம்பெனியில் முப்பது இயந்திரங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அவற்றில் ஒன்று நின்றால் இருபத்தொன்பது ஓடும். என்னிடம் இருப்பதில் ஒன்று நின்றால் எத்தனை ஓடும் என்பதை உன் அடுத்த கடிதத்தில் தெரிவி.

புல்லைப் பற்றி நீ கற்றது பாலைவனத்தில். அங்கே நீ தண்ணீரை நிறுத்தினால் புல்லும் நிற்கும். இங்கே ஐப்பசி பிறந்தால் தண்ணீர் என்னைக் கேட்டு வருவதில்லை. நான்கு நாள் விட்டால் கணுக்கால் உயரம், எட்டு நாள் விட்டால் முழங்கால். பிறகு ஒரே வீச்சில் தாழ வெட்டினால் அடித்தண்டு மஞ்சளாக வெளியே தெரியும். தேறுவதற்கு ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே இந்தத் தொழிலில் இரண்டாவது இயந்திரம் ஆடம்பரம் அல்ல. முதல் இயந்திரத்தை வாங்கும்போதே அதுவும் வாங்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். வாங்கி வைத்தால் மட்டும் போதாது, முறை வைத்து இரண்டையும் ஓட்ட வேண்டும். ஓடாத இயந்திரத்தில் ரப்பர் இறுகும், பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். நீ புதிதாகப் பாதுகாத்து வருவதாக நினைக்கும் பொருள் அந்த இருட்டறையில் நாளுக்கு நாள் பழையதாகிக்கொண்டிருக்கிறது.

குப்பன் பீடி பிடிப்பதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நேற்று இயந்திரத்தின் அடியில் படுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மிசினு வூட்ல கீது, சாவி கடலுக்கு அந்தாண்ட கீது, நடுவுல நாம குந்திகினு கீறோம். ஷோக்கா கீது சார் உங்க குடும்பம்." அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது.

சாவியை எதிர்பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
சுவிசேஷமுத்து


ஷார்ஜா
30-9-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பதில் போடத் தாமதம், கோபிக்க வேண்டாம். இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். சைட் மாற்றம். இனிமேல் மேலே எழுதியிருக்கும் தபால் பெட்டி எண்ணுக்கே எழுதுங்கள். பழைய விலாசத்துக்கு எழுதினால் கைக்கு வந்து சேரச் சுணங்கும்.

மெஷின் விஷயமாக என்னை ரொம்பக் கேட்காதீர்கள் அண்ணா. உங்களுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும். அது இருக்கிறது என்று நினைத்தால்தான் எனக்கு இங்கே நாள் போகிறது. இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். மூன்று ஏக்கருக்கு உங்களோடு எத்தனை ஆள்? அந்தத் தொழிற்சாலையில் காண்ட்ராக்டுக்குத் தெரிந்தவர்களைத்தான் எடுப்பார்களா, யார் போனாலும் உண்டா? தாம்பரம் பக்கம் வேறு யாரெல்லாம் இந்தத் தொழில் செய்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணி செய்யும் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வருகிறது.

தங்கள் தம்பி,
ஞானசிகாமணி


சேலையூர்
27-10-1988

தம்பிக்கு,

ஹில்டாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டது. இப்போது தேவலை. நான் சுகம்.

சென்ற கடிதம் கம்பெனி உறையில் வரவில்லை. மூன்று மடிப்பாக மடித்த கோடுபோட்ட தாளில், பென்சிலில் எழுதியிருந்தாய். அவசரமாக எழுதியிருப்பாய் என்று எண்ணுகிறேன். மேலே நீ எழுதிய தபால் பெட்டி எண் அழிந்துபோயிருந்தது; பழைய விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். என் தொழிலின் விவரங்களையெல்லாம் கேட்டிருந்தாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

இம்மாதம் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, இயந்திரம் நின்றது. முந்தின இரவு மழையில் தண்ணீர்க் குழாயின் இரும்பு மூடி மண்ணுக்குமேல் எழும்பியிருந்தது; புல் அதை மறைத்திருந்தது. பிளேடு அதில் மோதி, உள்ளே கிராங்க் வளைந்து, இன்ஜின் கூடு விரிசல் கண்டுவிட்டது. குப்பன் தன் தலையில் அடித்துக்கொண்டான். பிழை அவனுடையதல்ல. புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தோம். கடையில் இருந்த பெரியவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு வைத்தியம் பாக்கறதுக்குப் பதிலு காரியம் பண்ணிடுங்க" என்றார். பிரித்து எடைக்குப் போட்டாயிற்று.

மறுநாளே உனக்குத் தந்தி கொடுத்தேன். தாம்பரம் தொலைபேசி நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து உன் கம்பெனி எண்ணுக்குப் பேச முயன்றேன். மணி அடித்தது, எடுப்பாரில்லை. மூன்று முறையும் அப்படியே. வேலை நாளில் ஒரு கம்பெனியில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை என்பதை நான் நம்ப வேண்டும்.

இப்போது கங்கம்மாவையும் அவளோடு ஒன்பது பெண்களையும் கூடுவாஞ்சேரியிலிருந்து அழைத்துவந்து கருக்கரிவாளால் அறுக்கிறோம். விடியும்போது உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை. மழை பெய்தாலும் எழுவதில்லை. கோணியைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு வெட்டும் தவறவில்லை. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி ஜப்பானியக் கூட்டாளிகள் வருகிறார்கள். அதற்குள் சாவி வர வேண்டும்.

சுவிசேஷமுத்து


சேலையூர்
20-11-1988

ஞானசிகாமணிக்கு,

சுகம். உன் சுகமறிய எழுதிய கடிதத்துக்கும் தந்திக்கும் பதில் இல்லை.

நேற்று கஸ்தூரிரங்கன் புல்தரைக்கே வந்தார். குடை பிடித்தபடி நெடுநேரம் நின்றார். புல் ஒரே மட்டமாக இருந்தது. அதை அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "தப்பா எடுத்துக்காதீங்கோ சார். புல்லு நன்னாத்தான் இருக்கு. ஆனா அந்த மனுஷா பஸ்ஸை விட்டு இறங்கறச்சே பத்து பொம்மனாட்டி கோணியைப் போத்திண்டு குந்திண்டிருந்தா, கம்பெனிக்கு எப்படி இருக்கும்? மிஷின் இல்லாத காண்ட்ராக்டர்னு ஆயிடுமே. அப்புறம் உங்களுக்காக நான் எப்படிப் பேசறது?" என்றார்.

கங்கம்மா காது கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள். அவர் போனதும் நிமிராமலே சொன்னாள்: "பத்து பேரு குந்திகினு கீறோம். இதுல எவ முழங்காலு வுட்டுப்போனாலும் மிச்சம் ஒம்போது பேரு அறுப்போம். உங்க மிசினு அப்படியா சார்?" மற்றவர்கள் சிரித்தார்கள். நான் விவசாயக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்ததை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். உனக்கு அதை நான் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் வேலைக்குப் புறப்படும்போது அந்த அறையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகிறேன். எனக்கு வேண்டியது ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் உன் வீட்டின் காவல்காரன் என்பதால் அதைத் தொட முடியாது. தொடாவிட்டால் உன் வீட்டின் காவல்காரனாகவே இருந்து சாவேன். இந்த அமைப்பைத் தற்செயல் என்று எண்ண நான் முயன்று பார்த்தேன்.

டிசம்பர் ஐந்துவரை காத்திருப்பேன். ஆறாம் தேதி காலை, சாட்சிகள் இருவரை வைத்து, பூட்டை உடைப்பேன்.

சுவிசேஷமுத்து


ஷார்ஜா
24-11-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் தந்தியும் அக்டோபர் கடிதமும் பழைய விலாசத்தில் கிடந்து இன்றைக்குத்தான் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணிக்குக் காய்ச்சல் என்று இருக்கிறதே, இப்போது எப்படி?

இந்தக் கடிதத்தோடு சாவி இருக்கிறது. பெரம்பூர்க்காரர் ஒருவர் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் தொலைந்துவிடுமோ என்று பயம்.

நிறைய யோசித்தேன். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாகப் பத்து தடவை இழுங்கள். அதற்கப்புறம் பெட்ரோல். எடுத்தவுடன் வேகம் வேண்டாம். பதமாக வைத்திருங்கள் அண்ணா. வேறு ஒன்றும் இல்லை.

தம்பி,
ஞானசிகாமணி


சேலையூர்
15-12-1988

ஞானசிகாமணிக்கு,

இங்கு எல்லோரும் சுகம்.

அறிவித்தபடி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குக் குப்பனும் கங்கம்மாவும் சாட்சியாக நிற்க, முன்னறைப் பூட்டை உடைத்தேன். குப்பன் உடைக்க முன்வந்தான், நான் அனுமதிக்கவில்லை. அறையில் இருந்தவற்றைப் பட்டியலிட்டு இருவரிடமும் கைநாட்டு வாங்கி, ஒரு படியை இத்துடன் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை நீக்காத சோபா ஒன்று, டேப்ரிக்கார்டர் ஒன்று, சூட்கேஸ் இரண்டு, இயந்திரப் பெட்டி ஒன்று. பெட்டிக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றிய பெயர்ப்பலகை ஒன்று. "ஞானசிகாமணி புல்தரைப் பராமரிப்பு, தாம்பரம்" என்று பச்சை வண்ணத்தில் எழுதியிருந்தது. பார்த்துவிட்டு, மறுபடி சுற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆக, என்னை இத்தொழிலில் இறக்கிய அதே மாதத்தில் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நாளுக்கும் ஏற்பாடு செய்திருந்தாய். உன் செப்டம்பர் கடிதத்துக் கேள்விகள் இப்போது எனக்கு விளங்குகின்றன.

பிஸ்டன் ஒட்டியிருந்தது. குப்பன் அரை நாள் போராடி விடுவித்தான். புதன்கிழமை அது ஓடியது, சனிக்கிழமையும் ஓடியது. பன்னிரண்டாம் தேதி ஜப்பானியர்கள் புல்தரைமேல் செருப்பில்லாமல் நடந்து பார்த்தார்கள். மறுநாள் என் நியமனம் உறுதியாயிற்று. ஏப்ரல் முதல் தேதி பணியில் சேர்கிறேன். குடியிருப்பு பிப்ரவரி மத்தியிலேயே கிடைக்கும். ஹில்டா பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எது உன்னுடையது, எது எங்களுடையது என்று.

இன்னொன்று. அடுத்த ஆண்டு வெட்டும் ஒப்பந்தத்துக்கான நிபந்தனைகளை எழுதித் தரும்படி கஸ்தூரிரங்கன் என்னைக் கேட்டார். நேற்று எழுதிக் கொடுத்தேன். முதல் நிபந்தனை: ஒப்பந்தக்காரர் ஓடும் நிலையிலுள்ள இரண்டு இயந்திரங்களைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும், இரவல் இயந்திரம் கணக்கில் சேராது. சின்ன ஆட்களால் முடியாதே என்று அவர் தயங்கினார். இந்த ஆண்டு நடந்ததை எடுத்துச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

சுவிசேஷமுத்து


சேலையூர்
2-1-1989

ஞானசிகாமணிக்கு,

புத்தாண்டில் கர்த்தர் உன்னைச் சுகத்தோடு நடத்துவாராக.

உன் நவம்பர் கடிதமும் சாவியும் முப்பத்தொன்றாம் தேதி கிடைத்தன. பெரம்பூர்க்காரரின் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்றாம். அவரே வீடு தேடி வந்து கொடுத்தார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவரே எழுதுவார் சார்" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சாவி வந்தது. பூட்டு இல்லை. இயந்திரம் மார்ச் முப்பத்தொன்றுவரை என் வேலையில் இருக்கும். அதன்பின் துடைத்து உன் பெட்டியிலேயே வைக்கப்படும். வீட்டை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தெரிவி.

சுவிசேஷமுத்து


ஷார்ஜா
22-1-1989

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஸ்தோத்திரம். உங்கள் மூன்று கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. வேலை கிடைத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி. பூட்டை உடைத்தது சரிதான் அண்ணா. நானாக இருந்தால் ஆகஸ்டிலேயே உடைத்திருப்பேன்.

இனிமேல் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆகஸ்டு பதினேழாம் தேதி எங்கள் முதலாளி கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டான். போனவன் எங்கள் பாஸ்போர்ட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அறுபது பேர். நீங்கள் போன் பண்ணினபோது ஆபீசில் மேசை நாற்காலிகூட இல்லை, போன் மட்டும்தான் இருந்தது. ஐந்து மாதமாக, கூப்பிட்ட இடத்துக்குப் போய்க் குழி வெட்டினேன், குழாய் பதித்தேன். ஊருக்கும் வர முடியாது, இங்கே வெளியே நடக்கவும் முடியாது. இப்போதுதான் எம்பசியில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலை மெட்ராசுக்கு வந்து இறங்குகிறேன். கையில் ஒரு பைதான்.

என்னைப் பார்த்துத்தான் நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள். நானே விழுந்து கிடக்கிறேன் என்று உங்களுக்கு எப்படி எழுதுவேன்? படித்தவர் நீங்கள், நான் பத்தாவது பெயில். பணம் அனுப்புகிற தம்பி என்ற ஒன்றுதான் எனக்கு உங்கள் முன்னால் மரியாதை. அந்தப் பெட்டி இருக்கிறது, போய்ப் பிரித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டேன். பலகை ஒரு ஆசையில் எழுதி வைத்தது. உங்களைத் தள்ளிவிட்டு அல்ல. தாம்பரம் பெரிய ஊர், இரண்டு பேருக்கும் புல் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் அந்தக் காண்ட்ராக்டை எனக்கு வாங்கித் தாருங்கள். வெட்டுவது எனக்குத் தெரியும். உங்கள் கண் பார்வையில் இருப்பேன், தவறு வந்தால் எல்லோருக்கும் முன்னால் திட்டுங்கள். இரண்டு மெஷின் என்ற அந்த நிபந்தனையை மட்டும் ஒரு வருஷம் தளர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதுதானே. என்னிடம் ஒன்று இருக்கிறது.

தங்கள் தம்பி,
ஞானசிகாமணி


சேலையூர்
12-2-1989

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக வந்து சேர வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபம் நடக்கிறது.

இதைத் தபாலில் சேர்த்தால் நீ புறப்படுமுன் கிடைக்காது. ஆகவே முன்னறை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். நாங்கள் பதினைந்தாம் தேதி மறைமலை நகருக்குக் குடிபோகிறோம். சோபாவின் பிளாஸ்டிக் உறையை ஹில்டா கழற்றிவிட்டாள்; எறும்பு புகுந்திருந்தது. சமையலறையில் மூன்று நாளைக்கு வேண்டியது இருக்கிறது. விமான நிலையத்துக்குக் குப்பன் வருவான். அன்று சனிக்கிழமை, வெட்டு நாள். நான் வர இயலாது.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் கஸ்தூரிரங்கனைப் பார்த்தேன். நான் யாரிடமும் சலுகை கேட்டுப் பழகியவன் அல்ல. கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேனே சார், சின்ன ஆளாலே முடியாதுன்னு. நீங்கதான் அரை மணி நேரம் நின்னுண்டே வாதாடினேள். இப்போ மேலே கையெழுத்தாயிடுத்து. பேப்பர்லயும் விளம்பரம் வந்தாச்சு. எழுதினவரே தம்பிக்காக மாத்தச் சொல்றார்னு நான் எப்படிப் போய் நிப்பேன்? உங்க வேலைக்கே கேள்வி வந்துடும்."

என் வாதம் அன்று சரியாக இருந்தது, இன்றும் சரிதான். ஓர் இயந்திரத்தை நம்பி மழைக்காலத்தில் இறங்குபவன் தானும் கெட்டு, தன்னை நம்பிய பத்துப் பேரையும் முழங்காலில் உட்கார வைப்பான். அது எனக்குத் தெரியும். பாடத்தை எனக்கு நடத்தியவன் நீ.

யாரையும் மனத்தில் வைத்து அந்த நிபந்தனையை எழுதவில்லை என்று இந்த இடத்தில் எழுத உட்கார்ந்தேன். பலகையைப் பார்த்தது டிசம்பர் ஆறாம் தேதி. நிபந்தனையை எழுதியது பதினான்காம் தேதி. இரவல் இயந்திரம் சேராது என்ற வரியை யாரும் கேட்காமலே சேர்த்தேன். இரண்டு தேதிகளும் என் கடிதத்திலேயே இருக்கின்றன, நீயும் படித்திருப்பாய். அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐந்து மாதம் நீ பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே கிடந்தாய். ஒரு வரி எழுதியிருந்தால் நான் பூட்டைத் தொட்டிருக்கமாட்டேன், அந்த வேலையும் எனக்குக் கிடைத்திருக்காது, நாம் இருவரும் இந்த வீட்டில் ஒற்றை இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்போம். அது இதைவிட மேலா என்று பல நாள் யோசித்தும் எனக்கு முடிவு தெரியவில்லை. ஹில்டாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் என்னோடு நான்கு நாளாகப் பேசவில்லை.

ஒப்பந்தத்துக்கான விண்ணப்ப உறைகள் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குத் திறக்கப்படும். கிண்டியிலிருந்து நான்கு இயந்திரங்கள் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். விண்ணப்பம் யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. உனக்கும் ஒன்று வாங்கி இக்கடிதத்தின் கீழ் வைத்திருக்கிறேன். அனுப்புவதும் அனுப்பாமலிருப்பதும் உன் விருப்பம். அனுப்பினால், இரண்டாம் பக்கத்தில் இயந்திரங்களின் எண்ணிக்கை கேட்கும் கட்டத்தில் ஒன்று என்றே எழுது. கூட்டி எழுதாதே. விண்ணப்பித்தவர் வீட்டுக்குக் கம்பெனியின் ஆள் நேரில் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. வருபவன் நான்.

உன் அண்ணன்,
சுவிசேஷமுத்து